சின்ன விமானத்தில் உயிர்காப்புச் சாமான்: சுபாங், பினாங்கு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் சுபாங் விமான நிலையத்தில், பழைய மீன்பிடி வெஸ்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு செஸ்னாவைச் சுற்றிவந்து எண்ணெய் பார்க்கிற ஆள் நான்தான். "என்ன அங்கிள், பூலாவ் கெத்தாமுக்கு மீன் பிடிக்கவா?" என்று கேட்காத பயிற்சி மாணவர் இல்லை. அப்புறம் பக்கத்தில் வந்து, அதன் பைகளில் என்ன இருக்கிறது, எதற்கு, எவ்வளவு ஆச்சு என்று விசாரிப்பார்கள். பினாங்கில் பறக்கும் நண்பர்கள் கடலைப் பற்றிக் கேட்பார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான் வார இறுதியில் செஸ்னா 172 ஓட்டுகிற தனியார் உரிமக்காரன். மீட்புப் படையில் இருந்தவன் இல்லை, மருத்துவனும் இல்லை. சட்டப்படி எது கட்டாயம் என்பதை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளிலும் உங்கள் பயிற்றுநரிடமும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பது அதற்கு மேல் நானாகச் சுமப்பது.

ஈப்போவுக்கு ஒரு மணி நேரப் பயணம். இதற்கெல்லாம் தேவையா?

கீழே பார்த்துக்கொண்டே போனால் தேவையில்லை என்றுதான் தோன்றும். நெடுஞ்சாலை, வீடமைப்புப் பகுதி, செம்பனை, மறுபடியும் செம்பனை. தோட்டத்துக்குள் இறங்க நேர்ந்தால் அரை மணி நேரத்தில் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்கள். அங்கே வேண்டியது முதலுதவிப் பொருள்தான், வேறொன்றும் இல்லை.

ஆனால் வடக்கே போகும்போது வலது பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வருகிறது. கோர்பு மலை 2,183 மீட்டர். மேற்குக் கரையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடிமழை கட்டினால் நாம் நினைத்த பாதையில் போக முடியாது. மேகத்தைச் சுற்றிப் போகிறேன் என்று ஒருவர் கிழக்கே ஒதுங்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் கீழே தோட்டம் இல்லை, காடுதான். முப்பது நாற்பது மீட்டர் உயர மரங்கள். விமானம் உள்ளே விழுந்தபின் மேலே இலைக்கூரை மூடிக்கொண்டால் ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சை மட்டும்தான் தெரியும்.

1967 மார்ச்சில் கேமரன் மலையில் உலாவப் போன ஜிம் தாம்சன், தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்பெற்ற அமெரிக்கர், அவ்வளவு பெரிய தேடுதலுக்குப் பிறகும் கிடைக்கவே இல்லை. அவர் நடந்து போனவர்தான், விமானத்திலிருந்து விழவில்லை. 1950 ஆகஸ்டில் கிளந்தான் காட்டில் விழுந்த பிரிட்டிஷ் விமானப் படையின் டகோட்டாவில் 12 பேர் இருந்தார்கள். அவர்களின் எச்சங்கள் காட்டைவிட்டு வெளியே வந்தது 2008இல். 2012இல்தான் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் நடந்தது. அந்தப் பக்கமாகக் காரில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உயிர்காப்புப் பையை விமானத்தில் எங்கே வைப்பது?

உடம்பில். பையாக இருந்தால் அது உயிர்காப்புச் சாமான் இல்லை, முகாம் சாமான்.

நானும் ஒரு காலத்தில் அழகான சிவப்புப் பை ஒன்று வாங்கி, பின்னால் சாமான் வலைக்குள் போட்டு வைத்திருந்தேன். உரிமம் கிடைத்த இரண்டாம் வருடம், ஈப்போவிலிருந்து திரும்புகிறோம். தம்பூனில் வாங்கிய நான்கு பம்ளிமாஸ் பழங்கள், நண்பரின் மனைவிக்கு ஒரு பெட்டி பிஸ்கட், எல்லாம் அந்தப் பைக்கு மேல். தாப்பா தாண்டியதும் எஞ்சின் இருமியது. சுழற்சி குறைகிறது, இருக்கை நடுங்குகிறது. பழைய 172, கார்புரேட்டர் உள்ள எஞ்சின். நம் ஊர் ஈரக் காற்றில், வெளியே முப்பது டிகிரி இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன், நம்பவில்லை. சூடான காற்று விசையை இழுத்தேன். உருகின தண்ணீர் உள்ளே போகும்போது எஞ்சின் இன்னும் மோசமாக உதறும், அதுவும் பாடத்தில் இருக்கிறது. அந்த நாற்பது வினாடியில் ஒரே ஒரு முறை திரும்பிப் பின்னால் பார்த்தேன். பம்ளிமாஸ் தெரிந்தது. பை தெரியவில்லை.

எஞ்சின் சரியாகிவிட்டது, சுபாங்கில் ஒழுங்காக இறங்கினோம். இறங்கினபின் ஒரு சோதனை செய்தேன். பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, சுற்றிவந்து, சாமான் கதவைத் திறந்து, வலையை அவிழ்த்து, பழங்களை ஒதுக்கி, பையைக் கையில் எடுக்க எவ்வளவு நேரம்? தரையில், வெளிச்சத்தில், கை கால் முறியாமல், தீ இல்லாமல், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இறக்கைத் தொட்டி உடைந்து பெட்ரோல் வாடை வரும்போது அந்த ஒரு நிமிடம் உங்களுக்குக் கிடைக்காது. தண்ணீரில் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து என் கணக்கு எளிது: இடுப்பில் இல்லாதது இல்லவே இல்லை. பின்னால் இன்னொரு பை இருந்தால் இருக்கட்டும், கைக்கு எட்டினால் லாபம்.

அந்த வெஸ்ட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

இடது மார்பில் பி.எல்.பி., அதாவது ஆள் தன் உடம்போடு வைத்துக்கொள்ளும் அபாயக் குறிப்பான். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கயிற்றால் வெஸ்ட்டோடு கட்டியிருக்கிறேன். வலது மார்பில் பெல்ட் அறுக்கும் கத்தி, கொக்கி மாதிரி வளைந்தது. இடது கைக்கும் எட்டுகிற மாதிரி அதைக் கோணலாகத் தைத்துக் கொடுத்தவர் பிரிக்பீல்ட்ஸ் தையல்காரர். தோளில் விசில். உள்ளே பட்டாணி இல்லாத விசிலாகப் பாருங்கள், பட்டாணி உள்ளது தண்ணீரில் நனைந்தால் சொதப்பும்.

கீழ்ப் பைகளில் நெற்றியில் கட்டும் விளக்கு, நடுவில் துளையுள்ள சைகைக் கண்ணாடி, தீப்பொறிக் கம்பி, சின்ன மடக்குக் கத்தி, பத்து மீட்டர் நைலான் கயிறு, ஆரஞ்சு நிறத் துணி ஒன்று, மெல்லிய அலுமினியப் போர்வை, தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, அதோடு ஒரு லிட்டர் பிடிக்கும் மடக்குப் பை. லைட்டர் வைப்பதில்லை. வெயிலில் நிற்கும் விமானத்தின் உள்ளே என்ன சூடு என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெஸ்ட்டின் முதுகுப் பக்கத்துப் பையில் முதலுதவி. அதில் பேண்ட் எய்ட் கிடையாது. இரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டை ஒன்று, அழுத்தக் கட்டுத்துணி இரண்டு, கையுறை, மார்க்கர் பேனா. இறுக்குப்பட்டையைக் கட்டிய நேரத்தை எழுதி வைக்கத்தான் அந்தப் பேனா. தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் ஆள் போக சில நிமிடம் போதும். பசியால் போக வாரக்கணக்கில் ஆகும். பலர் பையில் பிஸ்கட் இருக்கும், இறுக்குப்பட்டை இருக்காது. மலிவு இணையக் கடையில் பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற போலிப் பட்டை வேண்டாம். திருகும்போது அதன் கம்பி வளைந்துபோவதை நானே பார்த்தேன், நல்லவேளையாகப் பயிற்சி வகுப்பில். பட்டை கட்டுவதை ஒரு நாள் வகுப்பில் கற்றுக்கொண்டு வாங்குங்கள்.

அப்புறம் இரண்டு சாமான், யாரும் பட்டியலில் எழுதாதவை. ஒன்று, மாற்று மூக்குக்கண்ணாடி. எனக்கு அது இல்லாவிட்டால் பி.எல்.பி.யின் எழுத்தே தெரியாது. இன்னொன்று, மூன்று நாளுக்கான நீரிழிவு மாத்திரை. நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது வேண்டியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்திலேயே ஈ.எல்.டி. இருக்கிறதே, தனியாகப் பி.எல்.பி. எதற்கு?

ஈ.எல்.டி. என்பது விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் அபாய ஒலிபரப்பி. மோதலின் வேகத்தில் தானாகவே இயங்கும். நல்ல கருவி. ஆனால் மோதும்போது ஆன்டெனா ஒடியலாம், கம்பி அறுந்துபோகலாம், விமானம் தலைகீழாகி ஆன்டெனா மண்ணுக்குள் போகலாம், எரியலாம், கடலில் மூழ்கலாம். பி.எல்.பி. தானாக இயங்காது, நீங்கள்தான் ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அதாவது ஒன்று நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது உதவும், மற்றது விமானம் இல்லாமல் போனபின் உதவும்.

இரண்டும் 406 மெகாஹெர்ட்ஸில், அபாய அழைப்பைக் கேட்கும் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களோடு பேசுகின்றன. பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும், கனடா, பிரான்ஸ் இவற்றோடு கைகோத்துச் செய்த சில நல்ல காரியங்களில் இது ஒன்று. முதல் செயற்கைக்கோள் 1982 ஜூனில் மேலே போனது. அந்த செப்டம்பரிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சின்ன விமானத்திலிருந்து மூன்று பேரை அதை வைத்து மீட்டார்கள்.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய ஈ.எல்.டி.யைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. பக்கத்தில் பறக்கும் விமானம் அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. புதிய கருவிகளிலும் 121.5 இருக்கிறது, ஆனால் அது கிட்டே வந்துவிட்ட தேடுதல் குழு திசை பிடிக்க மட்டும். ஜி.பி.எஸ். உள்ள 406 கருவி உங்கள் இடத்தை நூறு மீட்டர் அளவுக்குச் சொல்லும். ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் சில கிலோமீட்டர் வட்டம். நம் காட்டில் சில கிலோமீட்டர் என்றால் சில நாள்.

விமானத்தை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் முன் 121.5ஐத் திருப்பிக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பலமாக இறங்கினால் ஈ.எல்.டி. தானாக ஓலமிட ஆரம்பித்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. அப்படி ஆனால் அணைத்துவிட்டு உடனே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சும்மா இருந்தால்தான் தப்பு.

பி.எல்.பி.யை வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கலாமா? மலிவாக இருக்கிறது.

ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டில் முந்நூறு மிச்சம் பிடிக்கப் போய்ச் சிக்கலில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு நாட்டுக் குறியீடு எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்கு விற்ற கருவியை இங்கே அழுத்தினால் பதிவு விவரம் கேட்டு அமெரிக்கப் பதிவேட்டுக்குத்தான் போவார்கள். அங்கே உங்கள் பெயர் இல்லாவிட்டால், யார், எந்த விமானம், எத்தனை பேர், வீட்டில் யாரைக் கேட்பது என்று எதுவும் தெரியாமல் தேட வேண்டியிருக்கும். எந்த நாட்டுக் குறியீடு என்று வாங்கும் முன் கேளுங்கள், எங்கே பதிய வேண்டுமோ அங்கே பதியுங்கள், வீட்டு எண் மாறினால் திருத்துங்கள். பதிவு செய்யாமலேயே மூன்று வருடம் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். பொறியாளர் வேறு.

கைப்பேசி போதாதா?

தோட்டத்தில் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் போதும். 999க்கு அழைக்கலாம். மலைக்குள் கோபுரம் கிடைக்காது, அது கோபுரத்தைத் தேடித்தேடியே மின்கலத்தைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டு, மணிக்கு ஒரு முறை திறந்து, குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். அழைப்பு போகாத இடத்தில் சில நேரம் குறுஞ்செய்தி போகும்.

கார்க் கடையில் விற்கும் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. அது கார் ஜன்னலுக்கானது. கார் ஜன்னலின் கடினக் கண்ணாடி ஒரு புள்ளியில் அடி பட்டால் பொலபொலவென்று உதிரும். செஸ்னா, பைப்பர் ஜன்னல்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக். கூர் முனை அதில் ஒரு புள்ளி போடும், அவ்வளவுதான். எங்கள் ஹேங்கரில் கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் ஒன்றை வைத்து முயன்று பார்த்தோம். ஸ்பிரிங் முனை டக் டக் என்று அடித்தது, ஜன்னல் சிரித்தது. ஓரத்தில் குதிகாலால் உதைத்ததும் விளிம்பு விட்டுக்கொடுத்தது.

அதனால் நம்ப வேண்டியது கதவை. தரையைத் தொடுவதற்கு முன்பே தாழ்ப்பாளைத் திறந்து, கதவு மறுபடி மூடிக்கொள்ளாமல் இடுக்கில் ஏதாவது செருகி வைக்க வேண்டும். விமானத்தின் உடல் நசுங்கிச் சட்டம் கோணினால் மூடிய கதவு திறக்காது. உங்கள் விமானத்தின் கையேட்டிலேயே அவசரத் தரையிறக்கப் பகுதியில் கதவைப் பற்றிய வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

பாராங் (காட்டு வெட்டுக்கத்தி) எடுத்துப் போகலாமா? பாதுகாப்புச் சோதனையில் என்ன சொல்வார்கள்?

தாத்தா காலத்து ஆசை. காட்டில் பாராங் மாதிரி உபயோகமான சாமான் வேறில்லை, அதை மறுக்கவில்லை. கூரை போடலாம், விறகு சீவலாம், மூங்கில் வெட்டலாம். ஆனால் உடம்பில் கட்டிக்கொண்டு மோதுகிற சாமான் அது இல்லை, பின்னால் போட்டால் பறந்து வந்து பிடரியில் அடிக்கும். உறையோடு, கீழே, இறுக்கிக் கட்டி வைப்பதென்றால் வையுங்கள்.

பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காரில் அப்படியே போட்டுக்கொண்டு மாமாக் கடைக்குப் போகாதீர்கள். தனியார் விமானக்காரர்கள் நுழையும் வாயிலிலும் சோதனை உண்டு. நான் சாமான்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, விமான எண்ணோடு, முன்கூட்டியே காட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முறை வேறொரு நிலையத்தில் என் மடக்குக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, விமானத்தில் இருந்த கோடரியை மட்டும் விட்டார்கள். வாதாடவில்லை. வாதாடினால் பறக்கும் நேரம் போய்விடும், மழை வந்துவிடும்.

பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கடல் மேல் போகிறோம். கரை பக்கம்தானே?

பக்கம் மாதிரித் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்ற செஸ்னா 172 ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். மூவாயிரம் அடியில் இருந்தால் நாலரைக் கடல் மைல், எட்டுக் கிலோமீட்டர். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் போனால், நடுவழியிலிருந்து கெடாக் கரை அதைப் போலப் பல மடங்கு தூரம். வழியில் பூலாவ் பாயார் இருக்கிறது, பவளப்பாறை பார்க்க நல்ல தீவு, விமானம் இறக்க இடமில்லை. கரையோரமாக வளைந்து போனால் கொஞ்ச நேரம்தான் கூடும்.

சக்கரம் மடங்காத விமானம் தண்ணீரைத் தொட்டதும் மூக்குக் குத்திக் கவிழ்வது சகஜம். தலைகீழாகத் தொங்குவீர்கள், உள்ளே தண்ணீர், எது மேல் எது கீழ் என்று தெரியாது. பெல்ட்டைக் கழற்றும் முன் ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் கைதான் வழிகாட்டி. பெல்ட்டை முதலில் கழற்றினால் திசை போய்விடும்.

எந்த மாதிரி உயிர்காப்பு உடுப்பு?

இடுப்பில் அல்லது கழுத்தில் தட்டையாக மாட்டிக்கொண்டு, இழுத்தால் ஊதிக்கொள்ளும் வகை. சுற்றுலாப் படகில் தரும் தடித்த நுரை உடுப்பு வேண்டாம், கதவில் சிக்கும். தண்ணீர் பட்டால் தானாக ஊதும் படகு வகை அதைவிட மோசம். விமானத்துக்குள் தண்ணீர் ஏறியதும் அது ஊதி உங்களைக் கூரையோடு ஒட்டி வைத்துவிடும், கீழே இருக்கும் கதவுக்கு நீங்கள் போக முடியாது. 1996 நவம்பரில் கொமோரோஸ் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் உள்ளேயே ஊதிவிட்டார்கள், வெளியே வர முடியவில்லை. ஏறும் முன்பே மாட்டுங்கள், வெளியே வந்தபின் இழுங்கள்.

நம் கடல் சூடானது, குளிரில் விறைத்துச் சாக மாட்டீர்கள். வெயில், தாகம், ஜெல்லி மீன், இவைதான் தொல்லை. மலாக்கா நீரிணையில் மீன்பிடிப் படகுகள் அதிகம், ஆனால் அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் மாதிரிதான் தெரியும். மின்னும் விளக்கும் கண்ணாடியும் அங்கேதான் காசுக்கு உழைக்கும்.

காட்டில் விழுந்து உயிரோடு இருக்கிறேன். முதலில் என்ன?

விமானத்தைவிட்டு விலகி நில்லுங்கள், எரிபொருள் வாடை போகும்வரை. இரத்தம் யாருக்கு என்று பாருங்கள், நிறுத்துங்கள். பி.எல்.பி.யை அழுத்துங்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், வீண் தொந்தரவு வேண்டாம் என்கிற நம் குணம் இங்கே ஆகாது. அது 24 மணி நேரமாவது ஓடும், பகல் இருக்கும்போதே அழுத்தினால் நல்லது. அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே அலை பலவீனமாகும். மரம் முறிந்து திறந்த இடமோ, மண் சரிவோ, ஆற்றங்கரையோ கிட்டே இருந்தால் அங்கே வானம் பார்க்க வையுங்கள். பெரும்பாலும் உங்கள் விமானமே ஒரு ஓட்டையைப் போட்டிருக்கும்.

கோலாலம்பூரில் பொழுது சாய ஏழேகால் ஆகும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மரத்தடியில் ஆறு மணிக்கே இருட்டு. அதற்குள் தரையைவிட்டு எழும்பிப் படுக்க ஏற்பாடு வேண்டும். இருக்கை மெத்தையைக் கழற்றுங்கள், இறக்கைக்குக் கீழே ஒதுங்குங்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள், காட்டில் புலியைவிட விழும் கிளைதான் பயம். உயரமான மலையில் நனைந்துபோய்க் காற்றில் இருந்தால் இராத்திரி பல் கிட்டும். வெப்பமண்டலம்தானே என்று அலுமினியப் போர்வையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆற்றுக்குப் பக்கத்தில் இருங்கள், ஆற்றின் மட்டத்தில் இருக்காதீர்கள். மேலே எங்கோ மழை பெய்து, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று தண்ணீர் மதில் மாதிரி வரும். மலாயில் கெப்பாலா ஆயிர் என்பார்கள். உலு லங்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும்.

வானிலிருந்து பார்க்க, திறந்த இடத்தில் ஆங்கில வி எழுத்தை இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், உதவி வேண்டும் என்று பொருள். எக்ஸ் போட்டால் மருத்துவ உதவி. ஆரஞ்சுத் துணி அதற்குத்தான். விமானம் இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் பார்த்துவிட்டார்கள். இலைக்கூரைக்குக் கீழே கண்ணாடி உதவாது, விசில் உதவும். மும்மூன்றாக ஊதுங்கள். கத்தினால் ஒரு மணி நேரத்தில் தொண்டை போய்விடும்.

நடந்தே வெளியே வரலாமா?

வேண்டாம். தேடுபவர்களுக்கு மனிதனைவிட விமானம் பெரிய அடையாளம். பெரு நாட்டில் 1971 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அமேசான் காட்டில் விழுந்த விமானத்திலிருந்து, 92 பேரில் யுலியானா கொப்கே என்ற 17 வயதுப் பெண் மட்டும் பிழைத்து, ஓடையைப் பிடித்துப் பத்து நாளுக்கு மேல் நடந்து வந்ததை எல்லாரும் சொல்வார்கள். அவர் பெற்றோர் உயிரியலாளர்கள், அந்தக் காட்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்ந்து பழகிய பெண். நாம் சுபாங் ஜெயாவில் வளர்ந்தவர்கள்.

புலி, பாம்பு, அட்டை?

புலி உங்களைக் கண்டால் ஒதுங்கும், அதுவும் இப்போது மிகக் குறைவு. பாம்புக்குக் காலணி. அட்டை அருவருப்புதான், ஆபத்தில்லை. கொசுவை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். மனித மலேரியா 2018 முதல் இங்கே உள்நாட்டில் பரவுவதில்லை என்றாலும், குரங்கு மலேரியா காட்டோரத்தில் இருக்கிறது. திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் காட்டில் இருந்ததையும் ஆற்று நீர் குடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக் காய்ச்சலும் அப்படித்தான் வரும்.

சாப்பாடு?

குளுக்கோஸ் மிட்டாய் ஒரு பிடி. தண்ணீர் முக்கியம், ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் பாட்டிலாவது இருக்கைக்குக் கீழே.

சிவப்பு ஃபிளேர் வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. எரிபொருளுக்குப் பக்கத்தில், வெயிலில் சூடேறும் பெட்டியில், நெருப்பு கக்குகிற சாமான் எதற்கு? மின்னும் எல்.இ.டி. விளக்கு இராத்திரி முழுக்க எரியும்.

சிரஸ் விமானத்தில், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறதே?

இருக்கிறது, பல உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. நம் காட்டில் அது உங்களை முப்பது மீட்டர் மரத்தின் உச்சியில் உட்கார வைக்கலாம். கீழே பார்க்காமல் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

பறப்புத் திட்டப் படிவத்தில் உயிர்காப்புச் சாமான் பற்றிக் கேட்கிறதே, அதை நிரப்பத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு தேத்தாரேக் வாங்கிக் கொடுத்தேன். படிவத்தின் 19ஆம் கட்டம் அது. எத்தனை மணி நேர எரிபொருள், எத்தனை பேர், ஈ.எல்.டி. உண்டா, துருவம், பாலைவனம், கடல், காடு என்று நான்கில் எதற்கான சாமான் வைத்திருக்கிறீர்கள், உயிர்காப்பு உடுப்பில் விளக்கு உண்டா, மிதவைப் படகு எத்தனை, அதன் நிறம் என்ன, விமானத்தின் நிறம் என்ன. இல்லாததை அடித்துவிட வேண்டும். நம்மில் பலர் போன வாரம் நிரப்பினதை அப்படியே நகல் எடுத்து, எதையும் அடிக்காமல், காடு, கடல், துருவம் எல்லாம் இருப்பதாகக் கொடுத்துவிடுகிறோம். கோலாலம்பூர் வானத்தில் துருவச் சாமானோடு எத்தனை செஸ்னா பறக்கிறதோ.

வந்துசேர வேண்டிய நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் தகவல் இல்லையென்றால் எச்சரிக்கையின் முதல் கட்டம் தொடங்கும். அப்போது தேடுபவர் கையில் எடுக்கும் தாள் அதுதான். வெள்ளை விமானத்தைத் தேடுவதா, மஞ்சள் விமானத்தையா என்பதை அதில்தான் பார்ப்பார். இறங்கினபின் திட்டத்தை முடித்துவைக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்காகவும் அதே தாளை எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கூட வருகிற பயணிகளுக்கு என்ன சொல்வது?

தமிழில் சொல்லுங்கள். கதவுக் கைப்பிடி எங்கே, பெல்ட் எப்படிக் கழலும், வெளியே வந்தபின்தான் உடுப்பை ஊத வேண்டும், என் வெஸ்ட்டில் மஞ்சள் நிற பி.எல்.பி. எங்கே, அதை எப்படி அழுத்துவது. கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விமானி மயங்கினால் யார் அழுத்துவது? என் அத்தையைப் பினாங்குக்குக் கூட்டிப் போனபோது அவர் கையால் ஆன்டெனாவை விரித்து மூடிப் பழகிய பிறகுதான் எஞ்சினைத் தொட்டேன். "ஏன்டா, விழப் போறோமா?" என்றார். "அத்தை, சமையலறையில கேஸ் மூடத் தெரியுமா? அது மாதிரிதான்" என்றேன். அன்று அவர் கட்டியிருந்தது பாலியெஸ்டர் புடவை, காலில் சிலிப்பர். இரண்டையும் மாற்றச் சொன்னேன். நைலான், பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி ஒட்டாது. சிலிப்பரோடு உடைந்த அலுமினியத்தின் மேல் நடக்க முடியாது. பருத்திச் சுடிதாரும் பேரனின் பள்ளிக் காலணியும் போட்டுக்கொண்டு வந்தார்.

எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கக் காசில்லை. எதை முதலில்?

காசில்லாதது முதலில்: பறப்புத் திட்டம், காலணி, பயணிக்குச் சொல்வது. அடுத்து இறுக்குப்பட்டையும் வகுப்பும். அடுத்து விசில், விளக்கு, பெல்ட் கத்தி. கடல் மேல் போகிறவர்களுக்கு உயிர்காப்பு உடுப்பு இவற்றுக்கெல்லாம் முன்னால். பி.எல்.பி. விலை அதிகம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி யார் பறக்கிறார்களோ அவர் எடுத்துப் போகலாம், பதிவு விவரத்தில் எல்லாரையும் எழுதிவைத்தால் சரி.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சரிபார்ப்பது?

நான் தைப்பூசத்துக்கு முந்தின வாரமும் ஆடி மாதத்திலும். தேதியெல்லாம் மறந்துபோகும், இவை இரண்டும் வீட்டில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். வெஸ்ட்டைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, பி.எல்.பி.யின் சுயசோதனைப் பொத்தானை மட்டும் கையேட்டில் சொன்னபடி அழுத்தி, அதன் மின்கலக் காலாவதித் தேதி, உடுப்பின் காற்றுக் குப்பி, மாத்திரை, விளக்கின் மின்கலம் எல்லாம் பார்ப்பேன். போன ஆடியில் மிட்டாய்க்குள் எறும்பு, அலுமினியப் போர்வை மடிப்பில் கிழிசல். விசிலைக் காணோம். விமானம் முழுக்கத் தேடினேன். மகள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எடுத்துப் போயிருந்தாள், மார்ச் மாதத்தில்.